மேசை நம் பக்கம் வரட்டும்

(சங்கத்தின் பொன்விழாக் கூட்டத்தில் மகளிர் பிரிவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)





ஐம்பது ஆண்டுகளை நம் சங்கம் நிறைவு செய்திருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ். இந்த விழாவில் ‘பெண்களும் விளையாட்டும்’ என்ற தலைப்பில் பேசும்படி மகளிர் பிரிவைக் கேட்டுக்கொண்டீர்கள். தலைப்பு பெரியது, நேரம் சிறியது. ஆகவே ஒரு விளையாட்டையும் ஓர் அறையையும் பற்றி மட்டும் பேசுவதென்று நாங்கள் கூடி முடிவெடுத்தோம். விளையாட்டு ஸ்னூக்கர். அறை, இந்தக் கட்டடத்தின் மேல்மாடியில் பூட்டிக் கிடக்கும் அறை.

ஸ்னூக்கர் என்றதும் சிலர் முகத்தில் புன்னகை தெரிகிறது. சிலர் முகத்தில் கவலையும் தெரிகிறது. இரண்டையும் நாங்கள் எதிர்பார்த்தே வந்தோம். கடைசிவரை கேட்டுவிட்டு உங்கள் முடிவைச் சொல்லுங்கள்.

முதலில் நம் வீட்டுக் கதையிலிருந்து தொடங்குகிறோம். இந்த மண்டபத்தில் நீண்ட காலமாகவே இரண்டு கேரம் பலகைகள் இருக்கின்றன. நோன்பு மாதத்தில் தராவீஹ் முடிந்ததும் பையன்கள் பலகையைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். பவுடர் தூவும் கை, ‘சிவப்பு விழுந்திருச்சு, ஃபாலோ போடு’ என்ற சத்தம், ஸஹர் வரை ஓயாது. அதே நேரத்தில் நாங்கள் பின்கட்டில் கஞ்சிப் பானையைக் கழுவிக்கொண்டிருப்போம். அதை நாங்கள் குறையாகச் சொல்லவில்லை. நோன்புக் கஞ்சி காய்ச்சிய கைகள் என்பதில் எங்களுக்குப் பெருமைதான். ஆனால் அந்தக் கைகளில் சில, ஸ்ட்ரைக்கரை நன்றாக அடிக்கத் தெரிந்த கைகள். அது இந்தச் சங்கத்துக்குத் தெரியாமலே போய்விட்டது.

எங்களில் ஒருவர் சிறுமியாக இருந்தபோது வீட்டில் மூன்று அண்ணன்மாரையும் கேரத்தில் தோற்கடிப்பார். பக்கத்து வீட்டுப் பையன்கள் அவரிடம் ஆடித் தோற்றுவிட்டு, ‘வெளியே சொல்லிடாதே’ என்று கெஞ்சுவார்களாம். ஒரு தடவை சங்கம் கேரம் போட்டி வைத்தது. அவர் பெயரைக் கொடுக்க அண்ணன் வந்தார். பெண்களுக்குப் பிரிவு இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டோம். ‘அனுப்பிவிட்டார்கள்’ என்று நாங்கள் சொல்லவில்லை. அன்றைக்கு அது தவறென்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. ஆகையால் ‘அனுப்பிவிட்டோம்’ என்றுதான் சொல்ல வேண்டும். இன்று அவர் மூன்று பிள்ளைகளின் தாய். இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இதைச் சொல்கிறோம்.

இப்போது வடசென்னைக்கு வாருங்கள். புது வண்ணாரப்பேட்டையில் ஆட்டோ ஓட்டும் நம் சமுதாயத்து அத்தா ஒருவர், பெயர் மெஹபூப் பாஷா. அவருடைய மகள் காசிமா. அத்தாவிடம் கேரம் கற்ற பிள்ளை. 2024 நவம்பரில் அமெரிக்காவில் கலிபோர்னியாவில் நடந்த ஆறாவது கேரம் உலகக் கோப்பையில், பெண்கள் ஒற்றையர், இரட்டையர், குழுப் போட்டி என்று மூன்று தங்கம் வென்றாள். அப்போது அவளுக்கு வயது 17. தமிழ்நாடு அரசு ஒரு கோடி ரூபாய் பரிசளித்தது. அவளுக்கு முன்னால் வியாசர்பாடியிலிருந்து இளவழகி என்ற பெண் 2008இல் கேரம் உலகப் பட்டத்தை வென்றார். இவர்கள் யாரும் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் அல்லர். பலகை வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது, ஆடலாம் என்று சொல்ல வீட்டில் ஆள் இருந்தது.

நம் பலகைக்கும் அந்தப் பலகைக்கும் அளவில் வித்தியாசமில்லை. நான்கு குழி, பத்தொன்பது காய். நம் பலகையை யார் தொடலாம் என்பதில்தான் வித்தியாசம்.

‘சரி, கேரம் புரிகிறது, ஸ்னூக்கர் எதற்கு?’ என்று கேட்பீர்கள். கேரம் ஆடத் தெரிந்தவருக்கு ஸ்னூக்கர் அந்நியமில்லை. ஒரு காயை அடித்து இன்னொரு காயைக் குழியில் தள்ளுவது, பலகையின் ஓரத்தில் பட்டுத் திரும்பும் கோணத்தைக் கணக்கிடுவது, அடித்த பின் அடிகாய் எங்கே போய் நிற்கும் என்று முன்கூட்டியே பார்ப்பது, இதெல்லாம் இரண்டுக்கும் பொது. ஸ்னூக்கரில் பலகை பன்னிரண்டு அடி நீளமுள்ள மேசையாகிறது, விரல் கோலாகிறது, காய் பந்தாகிறது. சிவப்புப் பந்து 15, நிறப் பந்து 6, அடிக்கும் வெள்ளைப் பந்து ஒன்று, மொத்தம் 22. ஒரு சிவப்பைப் போட்டால் ஒரு புள்ளி. பிறகு ஒரு நிறப் பந்து, பிறகு மறுபடி சிவப்பு. மிக உயர்ந்த கறுப்புக்கு ஏழு புள்ளி. ஒவ்வொரு சிவப்புக்குப் பின்னும் கறுப்பையே போட்டு, கடைசியில் ஆறு நிறங்களையும் வரிசையாகப் போட்டு முடித்தால் 147. ஒரே மூச்சில் அந்த 147ஐ எடுப்பதுதான் ஆட்டக்காரர்களின் கனவு.

இந்த விளையாட்டு வெள்ளைக்காரன் சீமையில் பிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள். இது பிறந்தது இந்தியாவில். 1875இல் ஜபல்பூரில் இருந்த பிரிட்டிஷ் இராணுவ அதிகாரி நெவில் சேம்பர்லின், மழைக்காலத்தில் பொழுதுபோக்க, இருந்த பில்லியர்ட்ஸ் ஆட்டங்களைக் கலந்து புதிதாக ஒன்றை உண்டாக்கினார். பின்னாளில் பிரதமரான சேம்பர்லின் வேறு, இவர் வேறு. பிறகு அவர் உதகமண்டலம் வந்தார். அங்கே ஊட்டி கிளப்பில் ஆட்டத்தின் விதிகள் எழுதி மாட்டப்பட்டன. தமிழ்நாட்டு மலையில் விதி எழுதப்பட்ட விளையாட்டு இது. அன்றைக்கு அந்தக் கிளப்பில் தமிழனுக்கே இடமில்லை. தமிழ்ப் பெண்ணைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை.

ஆனால் இன்றைக்கு நிலைமை என்ன? 2025 நவம்பரில் தோஹாவில் நடந்த உலக மகளிர் ஸ்னூக்கர் போட்டியில் சென்னைப் பெண் அனுபமா ராமச்சந்திரன், ஹாங்காங்கின் இங் ஒன் யீயை இறுதி ஆட்டத்தில் 3-2 என்று வென்று பட்டம் பெற்றார். எதிரே நின்றவர் சாதாரண ஆளில்லை, மூன்று தடவை உலகப் பட்டம் பெற்றவர். 2017இல் நம் பக்கத்துச் சிங்கப்பூரில் நடந்த உலகப் போட்டியில், அதே இங் ஒன் யீயிடம் இந்தியாவின் வித்யா பிள்ளை 5-6 என்று கடைசி ஃபிரேமில்தான் பட்டத்தை விட்டார். அன்று ஒரே ஃபிரேமில் கைவிட்டுப் போனதை எட்டு ஆண்டு கழித்து இன்னொரு பெண் எட்டிப் பிடித்திருக்கிறார்.

இந்தப் பெண்களெல்லாம் எப்படி இந்த மேசைக்கு வந்தார்கள் என்று நாங்கள் தேடிப் பார்த்தோம். அதில்தான் எங்களுக்கு ஒரு விஷயம் பிடிபட்டது.

இங் ஒன் யீயின் தந்தை ஸ்னூக்கர் கூடத்தில் வேலை பார்த்தவர். தந்தை இருந்த இடமாதலால் மகள் அங்கே போக முடிந்தது. தாய்லாந்தின் நுச்சாருட் 2022இல் உலக மகளிர் பட்டம் வென்றவர். 2019இல் பயிற்சியின்போது அந்த 147ஐ எடுத்துக் காட்டியவர். அவருடைய தாய் ஸ்னூக்கர் கூடத்தில் கல்லாவில் வேலை பார்த்தார். பள்ளிவிட்டு அம்மாவிடம் வந்த சிறுமி அங்கேதான் கோலைப் பிடித்தாள். பெங்களூரில் உமாதேவி என்ற அரசு ஊழியர் தலைமைச் செயலக ஊழியர் மன்றத்தில் மேசைப்பந்து ஆடப் போவார். மேசைப்பந்து மேசை காலியில்லாத ஒரு நாளில் பக்கத்திலிருந்த பில்லியர்ட்ஸ் மேசைக்குப் போனார். அப்போது அவருக்கு ஏறக்குறைய முப்பது வயது. 2012இல் இங்கிலாந்தில் உலக மகளிர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை வென்றார். காசிமாவுக்கு அத்தாவே ஆசான்.

நான்கு பேர், நான்கு ஊர். யாரும் துணிச்சலாகத் தனியே ஒரு கூடத்தின் கதவைத் தள்ளித் திறந்துகொண்டு போகவில்லை. தாய் இருந்த இடம், தந்தை இருந்த இடம், வேலை பார்க்கும் இடத்து மன்றம், அங்கே மேசை இருந்தது. மேசை அவர்கள் பக்கம் வந்தது, அவர்கள் கோலை எடுத்தார்கள். பெண் பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை என்று சொல்கிறவர்கள், எத்தனை பிள்ளைகளின் கைக்கெட்டும் தூரத்தில் மேசை இருந்தது என்பதை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் பக்கத்துப் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். நம் குடும்பங்களில் பாதிக்கு மேல் சாப்பாட்டுக் கடை, மளிகைக் கடை, துணிக்கடை. பள்ளிவிட்டு வந்த பெண் பிள்ளை எங்கே இருக்கிறாள்? கல்லாப்பெட்டிக்குப் பின்னால், ஒரு கையில் வீட்டுப்பாடம், மறு கையில் சில்லறை. தாய்லாந்துப் பிள்ளை இருந்ததும் கல்லாவுக்குப் பக்கத்தில்தான். அவளுக்கு எதிரே பச்சைத் துணி விரித்த மேசை இருந்தது. நம் பிள்ளைக்கு எதிரே ரொட்டிக்கல் இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைக்கு அதுவும் இல்லை. பள்ளிப் பேருந்து இறக்கிவிட்டால் வீடு, வீட்டைச் சுற்றிச் செம்பனை.

நம் ஊர்களில் ஸ்னூக்கர் கூடங்கள் இல்லாமலில்லை. கடைவரிசையின் மேல்மாடியில், கறுப்புக் கண்ணாடி ஒட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கும். உள்ளே சிகரெட் புகை. வாசலில் 18 வயதுக்குக் குறைந்தவர்களும் பள்ளிச் சீருடையில் வருபவர்களும் நுழையக்கூடாது என்ற பலகை. சிலாங்கூரில் இப்படிப்பட்ட இடங்கள் 1995ஆம் ஆண்டின் கேளிக்கை இடச் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்று நடப்பவை. அந்தக் கட்டுப்பாட்டை நாங்கள் குறை சொல்லவில்லை. நம் பிள்ளைகளை அப்படிப்பட்ட இடத்துக்கு அனுப்புங்கள் என்று நாங்கள் கேட்கவும் இல்லை. எங்களாலேயே அந்தப் படியில் ஏற முடியாது. ஆனால் விளைவைப் பாருங்கள். பதினெட்டு வயதானதும் பையன் நண்பனோடு போய்விடுவான். பெண் பதினெட்டிலும் போகமாட்டாள், இருபத்தெட்டிலும் போகமாட்டாள். இடத்தின் குற்றம், விளையாட்டின் குற்றமாகிவிட்டது.

இனி, உங்கள் மனத்தில் இருக்கும் கேள்விகளுக்கு வருகிறோம். இவை எங்கள் மனத்திலும் இருந்த கேள்விகள்தாம்.

முதல் கேள்வி, மார்க்கம். விளையாட்டே கூடாது என்று நம்மில் யாரும் சொல்வதில்லை. அண்ணலார் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் அன்னை ஆயிஷா நாயகியாரோடு ஓட்டப் பந்தயம் ஓடியதை நாமெல்லாம் பயான்களில் கேட்டு வளர்ந்தவர்கள். ஸ்னூக்கரில் கவலைப்பட வேண்டியது சூது. பந்தயம் கட்டுவது கூடாது என்பதில் பேச்சுக்கே இடமில்லை. பலர் கவனிக்காத ஒன்றும் இருக்கிறது. கூடங்களில் ‘தோற்றவர் மேசைக் காசு கட்ட வேண்டும்’ என்று ஆடுவது வழக்கம். பந்தயமில்லை, சும்மா ஆடுகிறோம் என்று நினைத்துக்கொண்டே ஆடுகிறார்கள். ஒருவர் தோல்வியில் மற்றவர் செலவு தீர்கிறது என்றால் அதுவும் சூதின் வாசலில்தான் கொண்டுபோய் நிறுத்தும். ஆகவே எங்கள் முதல் விதி: செலவு எல்லோருக்கும் சமம். வென்றாலும் தோற்றாலும் மாதச் சந்தா ஒன்றுதான். பரிசு வைத்தால் சங்கமோ நன்கொடையாளரோ கொடுக்கட்டும், ஆடுகிறவர்களிடம் வசூலித்த காசிலிருந்து வேண்டாம். தொழுகை நேரம் வந்தால் கோலைக் கீழே வைக்க வேண்டும், ஃபிரேம் பாதியில் நின்றாலும் சரி. இந்த விதிகளை இமாம் அவர்கள் பார்த்துத் திருத்திக் கொடுக்க வேண்டும் என்று இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறோம்.

இரண்டாவது, உடை. ஓட்டத்துக்கும் நீச்சலுக்கும் என்ன உடுப்பது என்று நம் வீடுகளில் வாதம் நடக்கும். ஸ்னூக்கரில் அந்த வாதமே எழாது. உலகப் போட்டிகளில் ஆண்களே முழுக்கைச் சட்டையும் வேஸ்ட்கோட்டும் போட்டுக்கொண்டு ஆடும் விளையாட்டு இது. முழுக்கை, முழுக்கால், தூடோங் எதுவும் ஆட்டத்தைத் தடுக்காது. ஒன்றே ஒன்றைப் பழகிக்கொள்ள வேண்டும். உடலோ உடையோ பந்தில் பட்டால் அது தவறு, எதிராளிக்குக் குறைந்தது நான்கு புள்ளி போய்விடும். ஆகவே தூடோங்கின் நுனியைச் செருகிக்கொண்டு குனிய வேண்டும். அடுப்படியில் நாம் செய்வதுதானே அது!

மூன்றாவது, உடல் பலம். இந்த ஆட்டத்துக்கு வேண்டியது அசையாத கையும் அசையாத மனமும். 2012இல் லண்டன் ஒலிம்பிக்கில் நம் நாட்டின் நூர் சுர்யானி, எட்டு மாத கர்ப்பிணியாகத் துப்பாக்கி சுடும் போட்டியில் நின்றார். நிதானம் பெண்ணுக்குக் குறைவு என்று அதற்குப் பிறகும் சொல்ல முடியுமா? ஸ்னூக்கரில் 2021 முதல் பெண்களுக்கும் தொழில்முறைச் சுற்றில் இடம் ஒதுக்கப்படுகிறது. ஆண்களோடு ஒரே மேசையில் ஆடுகிறார்கள். 2022இல் உலகக் கலப்பு இரட்டையர் போட்டி நடந்தபோது, நாம் முன்பு சொன்ன கல்லாக்காரத் தாயின் மகள் நுச்சாருட், ஆஸ்திரேலியாவின் நீல் ராபர்ட்சனோடு சேர்ந்து பட்டம் வென்றார்.

நான்காவது கேள்வியைத்தான் தாய்மார்கள் எங்களிடம் அதிகம் கேட்டார்கள். ‘இதனால் பிள்ளைக்கு என்ன கிடைக்கும்? படிப்புக் கெடாதா?’ இதற்கு நாங்கள் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். பெண்கள் ஸ்னூக்கரில் பணம் பெரிதாக இல்லை. உலக அளவில் ஆடும் பெண்களில் பலர் வேறு வேலை பார்த்துக்கொண்டுதான் ஆடுகிறார்கள். உமாதேவி கடைசிவரை அரசு ஊழியர்தான். ஆகவே எஸ்பிஎம் புத்தகத்தை மூடிவிட்டுக் கோலை எடு என்று நாங்கள் எந்தப் பிள்ளையிடமும் சொல்லமாட்டோம். தேர்வு மாதங்களில் அறையைப் பூட்டிவிடலாம். ஆனால் பிள்ளைக்குக் கிடைப்பது ஒன்று உண்டு. மேசையில் அவள் தனியாக நிற்கிறாள். அவளுக்காக யாரும் யோசிக்க முடியாது. தப்பாக அடித்தால் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல், எதிராளி ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மறுபடி முறை வரும்போது எழுந்து போக வேண்டும். தோல்வியைப் பொறுத்துக்கொண்டு திரும்ப எழுந்து போகும் பழக்கத்தை எந்தப் பயிற்சி வகுப்பில் காசு கொடுத்து வாங்குவது?

நம் நாட்டுத் தமிழ்ப் பெண்களையே பாருங்கள். கெடாவின் சிவசங்கரி 2022இல் கார் விபத்தில் கடுமையாக அடிபட்டார். அடுத்த ஆண்டே ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஸ்குவாஷ் தனிநபர் தங்கத்தை எடுத்துவந்தார். பூப்பந்தில் தீனா முரளிதரன், பேர்லி தானோடு சேர்ந்து 2025 உலகப் போட்டியில் வெள்ளி வென்றார். அவர்கள் படம் நாளிதழில் வரும்போது நம் பிள்ளைகள் வெட்டி ஒட்டிவைக்கிறார்கள். ஒட்டுவதோடு நிற்கிறார்கள். ஸ்குவாஷ் மைதானமோ பூப்பந்து அகாடமியோ நம்மால் கட்ட முடியாது. ஒரு மேசை வாங்க நம்மால் முடியும்.

இப்போது அறைக்கு வருகிறோம். மேல்மாடி அறையை ஒரு வியாபாரி சரக்கு வைக்க வாடகைக்குக் கேட்டிருக்கிறார். மாதாமாதம் வாடகை வரும், சங்கத்துக்கு அது உதவியும்தான். கூரை ஒழுகுவதும், ஜனாஸா வேனின் டயர் தேய்ந்திருப்பதும் எங்களுக்குத் தெரியும். அந்த வாடகையை விட்டுவிடுங்கள் என்று கேட்பது சின்ன விஷயமில்லை என்று தெரிந்துதான் கேட்கிறோம்.

எங்கள் கோரிக்கை இதுதான். அந்த அறையை ஓர் ஆண்டுக்கு மட்டும் எங்களிடம் கொடுங்கள்.

முதல் நான்கு மாதம் கேரம் மட்டும். பலகை ஏற்கனவே இருக்கிறது, செலவில்லை. வாரத்தில் இரண்டு நாள், அஸருக்குப் பிறகு மஃரிப் வரை பெண் பிள்ளைகளுக்கு. ஒவ்வொரு நாளும் இரண்டு தாய்மார்கள் கூடவே இருப்பார்கள். முறை வைத்துக்கொள்வோம், பட்டியல் தயாராக இருக்கிறது. மற்ற நாள்களில் பையன்கள் ஆடட்டும். அவர்களிடமிருந்து எதையும் பிடுங்க நாங்கள் வரவில்லை.

அதன் பிறகு பழைய பூல் மேசை ஒன்று. அது ஸ்னூக்கர் மேசையைவிடச் சிறியது, விலையும் குறைவு. பன்னிரண்டு அடி ஸ்னூக்கர் மேசைக்கு அடியில் கற்பலகை பதித்திருக்கும். மாடித் தளம் அந்தப் பாரத்தைத் தாங்குமா என்று பொறியாளர் பார்த்துச் சொல்ல வேண்டும். தாங்காவிட்டால் கீழ்த்தளத்தில் இடம் தேடுவோம், அவசரமில்லை. பூல் மேசையிலேயே கோல் பிடிக்க, குனிந்து நிற்க, கோணம் பார்க்கப் பழகிவிடலாம். சீ விளையாட்டுப் போட்டிகளில் பெண்களுக்குப் பூல் வகை ஆட்டங்களும் நடந்திருக்கின்றன. மேசை எதுவானாலும், வாங்கும் முன் மாவட்ட மன்றத்துக்குப் போய், வயது குறைந்த பிள்ளைகள் பழகும் சங்க அறைக்கு என்ன அனுமதி தேவை என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வோம். பின்னால் வந்து பூட்டுப் போட்டார்கள் என்ற பேச்சு வரக்கூடாது.

மேசைக்கான பணத்தைச் சங்க நிதியிலிருந்து கேட்கமாட்டோம். பெருநாள் பலகாரம் செய்து விற்றதில் ஒரு தொகை சேர்த்திருக்கிறோம். மீதியையும் அப்படியே சேர்ப்போம். சமைக்கத் தெரிந்த கைகள் என்று நீங்கள்தானே எப்போதும் எங்களைப் பாராட்டுகிறீர்கள், அந்தக் கைகளே மேசையை வாங்கட்டும்.

ஆண்களிடம் நாங்கள் கேட்பது இரண்டு. நம் இளைஞர்களில் நன்றாக ஸ்னூக்கர் ஆடுகிறவர்கள் யாரென்று எங்களுக்குத் தெரியும். அவர்களுடைய அம்மாமார்களுக்கும் தெரியும். அவர்கள் சபையில், தாய்மார்கள் முன்னிலையில், தம் சொந்தத் தங்கைக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல முதல் பாடத்தைச் சொல்லிக் கொடுக்கட்டும். கற்றுக்கொண்ட பெண்கள் அடுத்தவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். இரண்டாவது, போட்டி என்று வந்தால் கோலாலம்பூருக்கோ ஷா ஆலமுக்கோ போக வேண்டும். இங்கிருந்து இரண்டு மணி நேரப் பயணம். அத்தாமார்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வண்டியை எடுக்க வேண்டும். காசிமாவின் அத்தா ஆட்டோவை எடுத்தார். நீங்கள் வேனை எடுங்கள்.

ஓர் ஆண்டு முடிவில் கணக்குச் சொல்கிறோம். எத்தனை பிள்ளைகள் வந்தார்கள், எத்தனை பேர் நிலைத்தார்கள், என்ன செலவு என்று பொதுக்கூட்டத்தில் வாசிப்போம். பத்துப் பிள்ளைகள்கூட நிலைக்கவில்லை என்றால் சாவியை நாங்களே திருப்பிக் கொடுத்துவிடுவோம். வாடகைக்கு விடுங்கள், மனம் வருந்தமாட்டோம்.

தொடக்கத்தில் சொன்ன அந்தச் சகோதரியிடம் நேற்றுக் கேட்டோம். ‘அன்றைக்கு உன்னைச் சேர்த்திருந்தால் என்ன ஆகியிருப்பாய்?’ என்றோம். ‘ஒன்றும் ஆகியிருக்கமாட்டேன், முதல் ஆட்டத்திலேயே தோற்றிருக்கலாம்’ என்று சிரித்தார். பிறகு சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘தோற்றிருந்தால் தோற்றேன் என்று தெரிந்திருக்கும்’ என்றார். அவருடைய மூத்த மகளுக்கு இப்போது பதினொரு வயது. வீட்டில் தம்பியைக் கேரத்தில் தோற்கடிக்கிறாளாம்.

அந்தப் பிள்ளை தன் பெயரைக் கொடுக்க வரும்போது எழுதிக்கொள்ள ஒரு தாளும் பேனாவும் இந்தச் சங்கத்தில் இருக்க வேண்டும். அவள் உலகப் பட்டம் வெல்வாளா என்பதை அல்லாஹ் அறிவான். ஆடிப் பார்க்கும் வாய்ப்பைக் கொடுப்பது நம் கையில் இருக்கிறது.

ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இந்தச் சங்கத்தைத் தொடங்கிய பெரியவர்களில் பலர் இன்று நம்மோடு இல்லை. அல்லாஹ் அவர்களுடைய கப்ரை ஒளிமயமாக்குவானாக. கையில் ஒன்றுமில்லாத காலத்தில் ஊர்க்காரர்கள் கூடி உட்கார ஓர் இடம் வேண்டும் என்று அவர்கள் நினைத்தார்கள், இந்தக் கூரை எழுந்தது. அதே கூரைக்குக் கீழே நம் பெண் பிள்ளைகளுக்கும் ஓர் அறை வேண்டும் என்று கேட்கிறோம். அடுத்த பொதுக்கூட்டத்தில் தீர்மானம் வரும். கை உயர்த்தும்போது உங்கள் வீட்டுப் பிள்ளையின் முகத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

 நம் முயற்சிகளில் நன்மையானதை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக, ஆமீன்.